ஒரு சதுர அடி நிலமும் ‘லார்ட்’ பட்டமும்: ஸ்காட்லாந்தின் லேர்ட்கள் யார்?

என் மைத்துனருக்குப் போன வருஷம் நாற்பதாவது பிறந்தநாள். ஆபீஸ் நண்பர்கள் சேர்ந்து பிரேம் போட்ட ஒரு சர்டிபிகேட்டைக் கொடுத்தார்கள். கெட்டித் தாள், ஓரமெல்லாம் ஸ்காட்லாந்துக் கட்டம் போட்ட துணி போல அச்சு, கீழே சிவப்பு மெழுகு முத்திரை. ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் ஒரு சதுர அடி நிலம் இனி இவருடையது, ஆகவே இவர் தம்மை ‘லேர்ட்’ என்றோ ‘லார்ட்’ என்றோ அழைத்துக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருந்தது. பிளாட் நம்பர்கூடப் போட்டிருந்தார்கள். மனிதர் அன்று முழுக்கச் சிரித்தபடியே இருந்தார். ராத்திரி சாப்பாடு முடிந்து எல்லோரும் போன பிறகு மெல்ல என் பக்கம் வந்து கேட்டார்: “மச்சான், இதைப் பாஸ்போர்ட்டில் சேர்க்க முடியுமா?”

முடியாது என்று சொல்லிவிட்டேன். ஏன் முடியாது என்று சொல்ல ஆரம்பித்தபோதுதான், எனக்கே அது பாதிதான் தெரியும் என்று புரிந்தது. லேர்ட், லார்ட், பரோன், குலத் தலைவர் என்று ஸ்காட்லாந்து விஷயத்தில் அடிபடுகிற பெயர்களை எல்லோரும் ஒரே மூட்டையில் போட்டுக் கட்டுகிறார்கள். ஒவ்வொன்றும் வேறு. நிலம், பட்டம், அதிகாரம் என்ற மூன்று புரிகள் ஒரு காலத்தில் ஒரே கயிறாக முறுக்கிக் கிடந்தன. பிறகு ஒவ்வொரு புரியாகப் பிரிந்தது. அது எப்போது, எப்படிப் பிரிந்தது என்று தெரிந்துகொண்டால் அந்த சர்டிபிகேட்டின் மதிப்பும் தானாக விளங்கிவிடும்.

லேர்ட்: அரசாங்கம் கொடுக்காத பெயர்

நம் ஊரில் ஒருவரைப் ‘பண்ணையார்’ என்று கூப்பிடுகிறோம். அந்தப் பட்டத்தை அவருக்கு எந்த அரசாங்கமும் கொடுக்கவில்லை. நிலம் இருக்கிறது, அந்த நிலத்தை நம்பி நாலு குடும்பம் இருக்கிறது, ஊர் அப்படி அழைக்கிறது. நிலம் போய்விட்டால் ஒரு தலைமுறை வரை மரியாதைக்காக அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும், அப்புறம் உதிர்ந்துவிடும். லேர்ட் என்பதும் ஏறக்குறைய இதுதான்.

லேர்ட் என்றால் ஸ்காட்லாந்தில் சொந்தமாக எஸ்டேட் வைத்திருப்பவர். எஸ்டேட் என்றதும் தேயிலைத் தோட்டத்தை நினைக்க வேண்டாம். பெரிய வீடு, அதைச் சுற்றிய தோப்பு, குத்தகைக்கு விட்ட பண்ணைகள், மலை, ஆறு எல்லாம் சேர்ந்த ஒரே கையின் கீழுள்ள நிலப்பரப்புக்குத்தான் அந்தப் பெயர். ‘லேர்ட்’ என்ற சொல்லும் ‘லார்ட்’ என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பழைய ஆங்கிலத்தில் அந்த வேர்ச்சொல்லுக்கு ‘ரொட்டியைக் காப்பவர்’ என்று பொருள். நாம் ‘படியளக்கிறவர்’ என்கிறோமே, அதே எண்ணம்தான். வேர் ஒன்றானாலும் ‘லார்ட்’ பட்டமாக மேலே ஏறிவிட்டது, ‘லேர்ட்’ நிலத்தோடு கீழேயே நின்றுவிட்டது.

லேர்டை அவருடைய எஸ்டேட்டின் பெயரைச் சொல்லியே கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம். லோக்கீல் என்ற இடத்துக்கு உரிய கேமரன் குடும்பத்துத் தலைவர் ‘லோக்கீலின் கேமரன்’. நேரில் பேசும்போது வெறுமனே ‘லோக்கீல்’. மனிதருக்கு ஊர்ப் பெயரே பெயராகிவிடுகிறது. குடும்பப் பெயரும் எஸ்டேட்டின் பெயரும் ஒன்றாகவே இருந்தால் இரண்டு முறை சொல்லாமல் ‘அதே பெயருடைய இடத்தின் இன்னார்’ என்று பொருள்படும் ஒரு சுருக்கமான வழக்கு உண்டு. மோன்கிரீஃப் குடும்பம் அப்படித்தான் அழைக்கப்படுகிறது.

எல்லா லேர்டும் கோட்டையில் இருந்தவர் என்று நினைக்க வேண்டாம். சின்னதாகச் சொந்த நிலம் வைத்து, தாமே ஏர் பிடித்தவர்களும் உண்டு. அவர்களுக்குத் ‘தொப்பி லேர்ட்’ என்று பெயர். பிரபுக்கள் அணியும் ஆடம்பரத் தொப்பி இல்லாமல், குடியானவன் போடுகிற சாதாரணத் தொப்பியைப் போட்டுக்கொண்டு திரிந்தவர்கள் என்பதால் வந்த கேலிப்பெயர்.

ஆக, இதுவரை பார்த்ததில் ஒன்றை மட்டும் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்: லேர்ட் என்பது நிலத்திலிருந்து மனிதருக்கு வருகிற பெயர். ராஜா கொடுத்த பட்டம் அல்ல.

அடிமனையும் மேலாளியும்

அந்த நிலம் லேர்டுக்கு எப்படி வந்தது? இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது.

கோயில் நிலத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். சுவரும் கூரையும் அவர்களுடையது. பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். ஆனால் அடிமனைக்கு வருஷா வருஷம் கோயிலுக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். ஸ்காட்லாந்தின் பழைய நில முறைக்கு இது நல்ல நுழைவாயில். வித்தியாசம் என்னவென்றால், அங்கே நாடு முழுவதும் கிட்டத்தட்ட எல்லா நிலமும் இப்படித்தான் இருந்தது. அதோடு, கீழே இருந்தவர் சட்டப்படி குடியிருப்பவர் மட்டும் அல்ல, அவரும் ஒரு வகையில் உரிமையாளர்தான்.

1124-ல் பட்டத்துக்கு வந்த முதலாம் டேவிட் ராஜா, இங்கிலாந்தில் நார்மன் பிரபுக்களிடையே வளர்ந்தவர். தமக்குத் துணையாக வந்தவர்களுக்குப் பெரும் பெரும் நிலப்பகுதிகளை எழுதிக் கொடுத்தார். தெற்கே அனன்டேல் பள்ளத்தாக்கு முழுவதும் ராபர்ட் டி புரூஸ் என்பவருக்குப் போனது. அவருடைய வழியில் வந்தவர்தான் 1314-ல் பானக்பர்ன் போரில் ஆங்கிலேயரைத் தோற்கடித்த ராபர்ட் புரூஸ் ராஜா. எழுதிக் கொடுத்தார் என்றாலும் ராஜா தம் உரிமையை விட்டுவிடவில்லை. அவர் மேலே இருந்தார். நிலம் வாங்கியவர் அதற்கு ஈடாகப் போருக்கு ஆள் அனுப்ப வேண்டும், அல்லது பணமோ தானியமோ கட்ட வேண்டும். அவரும் தமக்குக் கீழே இன்னொருவருக்கு அதே மாதிரி நிபந்தனையோடு கொடுக்கலாம். அவர் இன்னொருவருக்கு. ஏணிப்படி போல இறங்கிக்கொண்டே போகும்.

இப்படிக் கொடுக்கப்பட்ட நிலத்துக்கு ‘ஃபியூ’ என்று பெயர். கொடுத்தவரை இங்கே ‘மேலாளி’ என்று சொல்கிறேன். கீழே இருப்பவர் வருஷந்தோறும் மேலாளிக்குக் கட்டுவது ஃபியூ கட்டணம். சில இடங்களில் அது பெயருக்குத்தான்: ஒரு ரோஜாப்பூ, ஒரு ஜோடிக் கையுறை, ஒரு பென்னி. எடின்பரோவுக்குத் தெற்கே உள்ள பெனிகுக் எஸ்டேட்டின் நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்தது. ராஜா அந்தப் பக்கம் வேட்டைக்கு வந்தால், லேர்ட் ஒரு குறிப்பிட்ட பாறையின் மேல் உட்கார்ந்து மூன்று முறை கொம்பு ஊத வேண்டும். அவ்வளவுதான் வரி.

நிலம் கைமாறுகிற சடங்கும் பார்க்க வேண்டிய ஒன்று. பத்திரம் எழுதினால் மட்டும் போதாது. மேலாளியின் ஆள் ஒருவர், வாங்குபவரின் ஆள் ஒருவர், பத்திரம் எழுதும் நோட்டரி ஒருவர், சாட்சிக்கு இருவர் என்று ஐந்து பேர் வயலுக்கே போய் நிற்பார்கள். மேலாளியின் ஆள் குனிந்து ஒரு பிடி மண்ணையும் ஒரு கல்லையும் எடுத்து மற்றவர் கையில் வைப்பார். அந்த நிமிஷத்தில்தான் நிலம் கைமாறுகிறது. கைமாறுவது மீன்பிடி உரிமை என்றால் மண்ணுக்குப் பதில் வலையும் படகும். மாவு அரைக்கும் ஆலை என்றால் அதன் கருவிகள். இந்தச் சடங்குக்குச் ‘சேசின்’ என்று பெயர். 1617-லேயே இவற்றைப் பதிந்து வைக்க ஒரு பொதுப் பதிவேட்டைத் தொடங்கிவிட்டார்கள். பதிவேட்டில் ஏறாத நிலம் உன்னுடையது அல்ல என்ற எண்ணம் அங்கே அவ்வளவு பழையது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மைத்துனரின் பிளாட்டுக்கு வரும்போது தேவைப்படும்.

இதே சடங்கை வைத்து ஒரு வேடிக்கையும் நடந்தது. 1625-ல் கனடாப் பக்கம் நோவா ஸ்கோஷியா என்ற குடியேற்றத்துக்குப் பணம் திரட்ட, பணம் கட்டுகிறவர்களுக்கு ‘பேரனட்’ என்ற பட்டமும் கடலுக்கு அப்பால் நிலமும் கொடுத்தார்கள். மண்ணைக் கையில் வாங்க அட்லாண்டிக்கைத் தாண்டியா போவது? எடின்பரோ கோட்டை வாசலில் ஒரு துண்டு இடத்தையே நோவா ஸ்கோஷியாவின் மண் என்று முதலாம் சார்லஸ் அறிவித்துவிட்டார். அங்கேயே நின்று மண்ணை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். பார்க்காத நிலத்தைக் காட்டிப் பட்டம் விற்பது இன்றைய இணையக் கண்டுபிடிப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பரோன்: தூக்குமரம் வைத்திருந்த லேர்ட்

லேர்ட்களில் சிலருக்கு ராஜா நேரடியாகச் சாசனம் எழுதி, ‘இந்த நிலம் ஒரு பரோனி’ என்று அறிவிப்பார். பரோனி என்றால் நிலத்தோடு நீதி அதிகாரமும் சேர்ந்த எஸ்டேட். அதை வைத்திருப்பவர் பரோன். எல்லாப் பரோனும் லேர்ட்தான். எல்லா லேர்டும் பரோன் அல்ல.

பரோன் தம் எல்லைக்குள் கோர்ட் நடத்தலாம். பக்கத்து வயலில் மாடு மேய்ந்தது, அனுமதியில்லாமல் பச்சை மரத்தை வெட்டியது, வாரம் (நிலத்துக்குக் கட்டும் குத்தகை) பாக்கி போன்ற வழக்குகள்தான் பெரும்பாலும் வரும். ஆனால் பழைய சாசனங்களில் ‘குழியும் தூக்குமரமும்’ என்ற ஒரு தொடர் உண்டு. திருடனைத் தூக்கில் போடலாம். பெண்ணாக இருந்தால் குழித் தண்ணீரில் மூழ்கடிக்கலாம். நிலத்துக்குச் சொந்தக்காரனே நீதிபதியும். குடியானவன் வாரம் கட்ட முடியவில்லை என்று முறையிடப் போனால், யாருக்கு வாரம் கட்ட வேண்டுமோ அவரே மேலே உட்கார்ந்திருப்பார்.

இந்தப் புரிதான் முதலில் அறுந்தது. 1745-ல் பழைய ஸ்டூவர்ட் ராஜ வம்சத்தை மீண்டும் கொண்டுவரக் கிளர்ச்சி எழுந்தது. மலைநாட்டுத் தலைவர்கள் பலர் தம் நிலத்தில் இருந்த ஆட்களைத் திரட்டிக்கொண்டு போனார்கள். 1746 ஏப்ரல் 16 அன்று கலோடன் மேட்டில், ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. நிலம் வைத்திருப்பவர் படையும் கோர்ட்டும் வைத்திருந்தால் ஆபத்து என்று லண்டன் முடிவு செய்தது. போருக்கு ஆள் அனுப்பும் நிபந்தனையில் நிலம் வைத்திருக்கும் முறை ஒழிந்தது. பரம்பரை நீதி அதிகாரங்கள் பறிக்கப்பட்டன. பரோன் கோர்ட்டுக்குச் சில்லறைக் கடன், சின்ன அடிதடி மட்டும் மிஞ்சியது.

அதிகாரம் போய்விட்டது. நிலமும் பெயரும் மட்டும் இன்னும் பின்னிக் கிடந்தன.

அப்படியானால் லார்ட் யார்?

குழப்பத்தின் தலைநகரம் இதுதான். ஸ்காட்லாந்தில் ‘லார்ட்’ என்று கூப்பிடப்பட வெவ்வேறு வழிகள் இருந்தன.

முதலாவது, ராஜா கொடுக்கிற பிரபுப் பட்டம். ஸ்காட்லாந்தின் வரிசை இது: டியூக், மார்க்வெஸ், ஏர்ல், வைகவுண்ட், அதற்குக் கீழே ‘பாராளுமன்ற லார்ட்’. இங்கிலாந்தில் கடைசிப் படிக்குத்தான் ‘பரோன்’ என்று பெயர். ஸ்காட்லாந்தில் பரோன் என்ற சொல் ஏற்கெனவே நிலக்காரரிடம் போய்விட்டதால், கடைசிப் படிக்கு வேறு பெயர் வைக்க வேண்டியதாயிற்று. ஆகவே ஓர் ஆங்கிலேயப் பரோனும் ஒரு ஸ்காட்லாந்து நிலப் பரோனும் ஒரே பந்தியில் உட்கார்ந்தால், பெயர்தான் ஒன்று, இலை வேறு. முன்னவர் பிரபு. பின்னவர் எவ்வளவு பழைய குடும்பமானாலும் பிரபு அல்ல.

இரண்டாவது, நீதிபதிகள். ஸ்காட்லாந்தின் உயர் நீதிமன்றத்தில் நீதிபதியானால் ‘லார்ட்’ என்ற அடைமொழி வேலையோடு வரும். பலர் அதன் பின்னால் தம் எஸ்டேட்டின் பெயரைப் போட்டுக்கொள்வார்கள். 18-ம் நூற்றாண்டில் அலெக்சாண்டர் பாஸ்வெல் என்பவர் ஆக்கின்லெக் எஸ்டேட்டின் லேர்ட். நீதிபதியானதும் ‘லார்ட் ஆக்கின்லெக்’ ஆனார். அவர் மகனுக்கு எஸ்டேட் வந்தது, லார்ட் வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், 20-ம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்த நீதிபதிகளின் மனைவிமாருக்கு ‘லேடி’ பட்டம் கிடையாது. விடுதியில் அறை எடுக்கப் போனால் லார்ட் இன்னாரும், அவரோடு வேறு பெயருடைய ஒரு திருமதியும்!

பிரபுப் பட்டத்துக்கு நமக்குத் தெரிந்த ஓர் ஆளையே பார்ப்போம். மெரினாவுக்குப் போகிற வழியில் கூவத்தின் மேல் நேப்பியர் பாலம் இருக்கிறதே, அது 1869-ல் கட்டப்பட்டபோது சென்னை மாகாண கவர்னராக இருந்தவர் பிரான்சிஸ் நேப்பியர். ஸ்காட்லாந்தின் எட்ரிக் பள்ளத்தாக்கில் எஸ்டேட் இருந்த குடும்பம். ஆகவே அவர் ஒரு லேர்ட். அதோடு 1627-ல் உண்டான ‘லார்ட் நேப்பியர்’ என்ற ஸ்காட்லாந்துப் பிரபுப் பட்டத்தில் பத்தாவது ஆள். ஆனால் 1707-ல் இங்கிலாந்தோடு இணைந்த பிறகு, ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் எல்லோரும் லண்டன் பிரபுக்கள் சபையில் உட்கார முடியாது. தங்களுக்குள் 16 பேரை மட்டும் தேர்ந்தெடுத்து அனுப்பலாம். அதனால்தான் நேப்பியர் இந்தியாவிலிருந்து திரும்பிய 1872-ல் அவருக்குத் தனியாக ‘பரோன் எட்ரிக்’ என்ற இன்னொரு பட்டம் கொடுத்தார்கள். இது நிலப் பரோன் அல்ல, சபையில் நாற்காலி தருகிற பரோன். ஒரே மனிதர்மேல் எத்தனை அடுக்கு பாருங்கள்.

குலத் தலைவர் என்பது இன்னொரு தனிக் கணக்கு. அது ரத்த வழி. ஒரு குலத் தலைவருக்கு ஒரு சென்ட் நிலம்கூட இல்லாமல் இருக்கலாம், அப்போதும் அவர் தலைவர்தான். நிலம் இருந்தாலும் குலத்துக்கு அதில் பங்கு இல்லை என்பதைப் பலர் கசப்போடுதான் தெரிந்துகொண்டார்கள். 2000-ல் ஸ்கை தீவின் மெக்லியோட் குலத் தலைவர், தம் டன்வேகன் கோட்டையின் கூரை ஒழுகுகிறது என்று, பிளாக் கூலின் மலைத்தொடரையே ஒரு கோடிப் பவுண்டுக்கு விற்பனைக்கு வைத்தார். மலை எப்படி ஒருவருக்குச் சொந்தமாகும் என்று நாடே கொதித்தது. கடைசியில் விற்பனையைக் கைவிட்டார்.

சுருக்கிச் சொன்னால்: லேர்ட் நிலத்தால், நிலப் பரோன் சாசனத்தால், பிரபு ராஜாவால், நீதிபதி வேலையால், குலத் தலைவர் பிறப்பால். ஒருவரே இதில் மூன்று நான்காக இருக்கலாம். ஆனால் ஒன்று இருப்பதால் மற்றது வந்துவிடாது.

எஸ்டேட்டுக்குள் ஒரு நடை

பெரிய வீடு. அதைச் சுற்றிப் புல்வெளி, மரங்கள். வீட்டுக்குச் சாப்பாட்டுத் தேவை பார்க்கும் சொந்தப் பண்ணை ஒன்று. அதைத் தாண்டிக் குத்தகைப் பண்ணைகள். அதற்கும் மேலே மலை. மலையில் பெரும்பகுதி ‘மான் காடு’ என்று அழைக்கப்படும். போய்ப் பார்த்தால் ஒரு மரம் இருக்காது. வேட்டைக்கு ஒதுக்கிய இடம் என்றுதான் அங்கே ‘காடு’க்குப் பொருள். பக்கத்தில் குரௌஸ் என்ற காட்டுக்கோழி சுடும் மேடு, ஆகஸ்ட் 12 அன்று சீசன் ஆரம்பம்.

லேர்ட் பெரும்பாலும் கண்ணில் பட மாட்டார். எடின்பரோவிலோ லண்டனிலோ இருப்பார். ஊரார் நேரில் பார்ப்பது ‘ஃபேக்டர்’ என்ற காரியஸ்தரை. வாரம் வசூலிப்பவர், குத்தகையைப் புதுப்பிப்பவர், வெளியேறு என்று நோட்டீஸ் கொடுப்பவர் எல்லாம் அவரே. லேர்டைவிட ஃபேக்டரை வைதவர்கள்தான் அதிகம் என்று தோன்றுகிறது. அதற்குக் காரணமும் உண்டு. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆடு வளர்த்தால் லாபம் என்று, மலைப் பள்ளத்தாக்குகளில் பல தலைமுறை இருந்த குடிகளை லேர்ட்கள் காலி செய்ய வைத்தார்கள். 1814-ல் சதர்லாந்து எஸ்டேட்டைச் சேர்ந்த ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் வீடுகளுக்குத் தீ வைத்ததாக, காரியஸ்தர் பேட்ரிக் செல்லர்மீது வழக்கு நடந்தது. 1816-ல் விடுதலையானார். கடலோரத்துக்குத் தள்ளப்பட்டவர்களும் கனடாவுக்குக் கப்பல் ஏறியவர்களும் அந்தப் பெயரை மறக்கவில்லை.

இவ்வளவு பெரிய எஸ்டேட்கள் நூற்றாண்டுக் கணக்கில் உடையாமல் எப்படி இருந்தன? நம் ஊரில் நூறு ஏக்கர் இருந்த குடும்பம் மூன்று பாகப்பிரிவினையில் ஆளுக்கு ஐந்து ஏக்கராகிவிடும். அங்கே உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால், நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே போகும் என்று சட்டம். 1964 வரை அப்படித்தான். போதாததற்கு, வாரிசு விற்க முடியாதபடி எஸ்டேட்டைக் கட்டிப்போடும் ஏற்பாட்டுக்கு 1685-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். இன்றைக்கும் தகப்பன் உயிலில் ஒதுக்கிவிட்ட பிள்ளை, பணம் நகை போன்ற அசையும் சொத்தில் மட்டும் சட்டப்படி பங்கு கேட்கலாம். நிலத்தில் கேட்க முடியாது. பட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வாரிசுச் சட்டத்தைக் கவனிப்பதில்லை. என்னைக் கேட்டால், லேர்டை லேர்டாக வைத்திருந்தது சாசனத்தைவிட இதுதான். ஸ்காட்லாந்தின் கிராமப்புறத்தில் தனியார் நிலத்தில் பாதி, வெறும் 432 உரிமையாளர்களின் கையில் இருப்பதாகச் சுமார் பத்து வருஷத்துக்கு முன் கணக்கிட்டார்கள்.

குடியானவர்கள் எப்போதும் பொறுத்துக்கொண்டே இருக்கவில்லை. 1882-ல் ஸ்கை தீவின் பிரேஸ் என்ற ஊரில், மேய்ச்சல் மலையைத் திருப்பிக் கொடுக்கும்வரை வாரம் கட்ட மாட்டோம் என்று நின்றார்கள். நோட்டீஸ் கொண்டு வந்தவரை வைத்தே அதை எரிக்க வைத்தார்கள். கைது செய்ய கிளாஸ்கோவிலிருந்து ஐம்பது போலீஸ் வந்தபோது பெண்கள் முன்னால் நின்று கல்லெறிந்தார்கள். அடுத்த வருஷம் விசாரணைக் கமிஷன் அமைந்தது. அதன் தலைவர் யார் தெரியுமா? நம் பாலத்துக்காரர், லார்ட் நேப்பியர். கமிஷன் தன் முதல் அமர்வை அதே பிரேஸில் நடத்தியது. லேர்டான அவர், குடிகளுக்குச் சாதகமான பரிந்துரைகளைச் செய்ததில் சக நிலக்காரர்கள் பலருக்கு வருத்தம். 1886-ல் வந்த சட்டம் கமிஷன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் மலைநாட்டுச் சிறுகுடியானவரை அவர் வாரத்தை ஒழுங்காகக் கட்டிவந்தால் வெளியேற்ற முடியாது என்றும், நியாய வாரத்தை ஒரு பொது அமைப்பு நிர்ணயிக்கும் என்றும் எழுதிவிட்டது.

2004 நவம்பர் 28

மேலாளி முறை சத்தமில்லாமல் நம் காலம் வரை நீடித்தது. சாதாரண ஊரில் சாதாரண வீடு வாங்கியவர், காருக்கு ஒரு ஷெட் போட வேண்டும் என்றால், நூறு வருஷத்துக்கு முந்தைய பத்திரத்தில் இருக்கும் யாரோ ஒரு மேலாளியின் அனுமதி வேண்டும். அவர் அதற்குக் காசு கேட்பார். பழைய மேலாளி உரிமைகளை மொத்தமாக வாங்கி, இப்படி அனுமதிக் காசு பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்தவர்களும் உண்டு.

1974-ல் புதிதாக ஃபியூ கட்டணம் விதிப்பதைத் தடுத்தார்கள். 2000-ல் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் முறையையே ஒழிக்கும் சட்டம் போட்டது. 2004 நவம்பர் 28 அன்று அது அமலுக்கு வந்தது. ராஜாவிலிருந்து இறங்கிய ஏணி முழுவதும் அன்று கழன்றது. நிலத்தை வைத்திருப்பவர் முழு உரிமையாளர். மேலாளி என்று யாரும் இல்லை.

பரோன்கள் என்ன ஆனார்கள்? சட்டம் அவர்களுக்கு ஒரு விநோதமான வழி சொன்னது. பரோன் என்ற கௌரவம் தொடரும், ஆனால் அது இனி நிலத்தோடு ஒட்டியிருக்காது. அதுவரை எஸ்டேட்டின் தலைமையிடம் எது என்று சாசனம் சொல்கிறதோ, அதை வாங்கியவர் பரோன். அன்றிலிருந்து கோட்டையை ஒருவருக்கும் பரோன் பெயரை இன்னொருவருக்கும் விற்கலாம். இப்படிப் பிரிந்த வெறும் பெயர்கள் இன்று பல பத்தாயிரம் பவுண்டுக்குக் கைமாறுகின்றன. வாங்குகிறவர்களில் வெளிநாட்டுக்காரர்கள் நிறைய. இது மோசடி அல்ல, சட்டப்படியான வியாபாரம். ஆனால் கிடைப்பது பெயர் மட்டும்தான்: நிலம் இல்லை, கோர்ட் இல்லை, சபையில் இடம் இல்லை.

இப்போது மூன்று புரியும் பிரிந்துவிட்டன. அதிகாரம் 18-ம் நூற்றாண்டில் போனது. பரோன் பெயர் 2004-ல் நிலத்தை விட்டுக் கிளம்பியது. லேர்ட் என்ற வழக்குப் பெயர் மட்டும் நிலத்தோடு நிற்கிறது.

மைத்துனரின் ஒரு சதுர அடி

சரி, சர்டிபிகேட்டுக்கு வருவோம். ஸ்காட்லாந்தில் பதிவேட்டில் ஏறினால்தான் நிலம் உங்களுடையது என்று பார்த்தோம். 1979-ல் வந்த நிலப்பதிவுச் சட்டம் ‘நினைவுப் பரிசு மனை’ என்று ஒரு வகையைச் சொல்கிறது. மிகச் சிறியது, எந்தப் பயன்பாட்டுக்கும் ஆகாதது, உரிமை கொண்டாடவோ ஆசைக்கோ தவிர யாரும் தனியாகக் கேட்க மாட்டார்கள் என்ற வகை. அப்படிப்பட்ட மனையைப் பதிவு செய்யக் கூடாது என்று பதிவாளருக்கே தடை. 2012-ல் வந்த புதிய சட்டமும் தடையை அப்படியே வைத்திருக்கிறது. பதிவு இல்லை, ஆகவே உரிமை இல்லை. மிஞ்சுவது விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே உள்ள ஓர் ஒப்பந்தம் மட்டும்தான்.

லேர்ட் என்ற பெயராவது? ஸ்காட்லாந்தில் கொடி, சின்னம், பெயர் வழக்குகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரிக்கு லார்ட் லையன் என்று பெயர். லேர்ட் என்பது எஸ்டேட்டிலும் அதைச் சுற்றியும் வாழ்கிறவர்கள் அழைக்கிற பெயர், பரிசு மனை வாங்கியவருக்கு அது பொருந்தாது என்று அவருடைய அலுவலகம் தெளிவாகச் சொல்லிவிட்டது. எஸ்டேட் பெயரைத் தம் பெயரோடு சேர்க்க வேண்டுமானால் ஒரு பண்ணையாவது, குறைந்தபட்சம் சுற்றிலும் ஐந்து ஏக்கர் போல நிலம் உள்ள வீடாவது வேண்டும். விற்பவர்கள் பிடித்துக்கொள்வது வேறொரு கொம்பை. பிரிட்டனில் ஏமாற்றும் நோக்கம் இல்லாதவரை யாரும் தம்மை என்ன பெயரிலும் அழைத்துக்கொள்ளலாம். அதற்கு நிலமே தேவையில்லை, நீங்கள் இன்று மாலையே ஆரம்பிக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஏக்கருக்கு 43,560 சதுர அடி. சதுர அடி 30 பவுண்டு என்று வைத்தால், ஒரே ஒரு ஏக்கரில் 13 லட்சத்து 6,800 பவுண்டு. 2021-ல் தெற்கே லாங்ஹோம் என்ற சிற்றூர்க்காரர்கள், பக்ளூ டியூக்கின் எஸ்டேட்டிடமிருந்து 5,200 ஏக்கர் மேட்டு நிலத்தை ஊருக்காக வாங்கினார்கள். விலை 38 லட்சம் பவுண்டு. ஏக்கருக்கு 731 பவுண்டுகூட முழுதாக ஆகவில்லை.

எல்லாவற்றையும் மோசடி என்று தள்ளவும் வேண்டாம். ஐலா தீவில் லஃப்ராய்க் விஸ்கி ஆலை 1994 முதல் தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு சதுர அடி நிலத்தை ஆயுள் குத்தகைக்குத் தருகிறது. பட்டம் தருவதாகச் சொல்வதில்லை. அங்கே நேரில் போனால் வருஷ வாடகையாக ஆலையே உங்களுக்கு ஒரு மிடறு விஸ்கி கொடுக்கும். விளையாட்டு விளையாட்டாகவே இருக்கிறது.

லேர்டே வேண்டாம் என்று முடிவெடுத்த ஊர்களும் உண்டு. எக் என்ற சின்னத் தீவு பல தசாப்தங்களாக ஒரு பணக்காரர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிக்கொண்டே இருந்தது. அங்கிருந்தவர்கள் அறுபது பேருக்குச் சற்று அதிகம். நாலா பக்கமும் நன்கொடை திரட்டி, 1997 ஜூன் 12 அன்று 15 லட்சம் பவுண்டுக்குத் தீவையே ஓர் அறக்கட்டளையின் பெயரில் வாங்கிவிட்டார்கள். 2008-ல் காற்று, நீர், வெயில் மூன்றிலிருந்தும் தங்களுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாங்களே எடுக்க ஆரம்பித்தார்கள். யாராவது ‘இங்கே லேர்ட் யார்’ என்று கேட்டால் கை காட்ட இப்போது அங்கே ஆள் இல்லை.

இதையெல்லாம் மைத்துனரிடம் சொன்னேன். பாஸ்போர்ட்டை விட்டுவிட்டார். “போகட்டும், ஒரு தடவை போய் அந்த இடத்தில் நிற்கவாவது முடியுமா?” என்றார். முடியும். 2003-ல் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் போட்ட நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பயிரை மிதிக்காமல், வீட்டு முற்றத்துக்குள் நுழையாமல் ஒழுங்காக நடந்துகொண்டால், யாருடைய மலையிலும் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், ராத்திரி கூடாரம்கூட அடிக்கலாம். அதற்கு ஒரு சதுர அடிகூட வாங்க வேண்டாம். இப்போது சர்டிபிகேட்டை ஹாலிலிருந்து எடுத்து, துணி காயப்போடும் அறையில் மாட்டியிருக்கிறார். மழைக் கோட்டு என்ன விலை என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.